இருபத்தெட்டு கூட்டிக்கொள்ளவும்

"18-3-2023, சனி. காலை தாராவி, மாலை செம்பூர். கறுப்பு வெள்ளை. படத்தில் விழுந்திருக்கும் ஆண்டோடு இருபத்தெட்டு கூட்டிக்கொள்ளவும்."

நெகட்டிவ் போட்டு வைத்திருக்கும் ஓர் உறையின் மேல் நான் ஒட்டியிருக்கும் குறிப்பு இது. தேதியும் இடமும் உறைக்கு உறை மாறும். கடைசி வாக்கியம் மட்டும் எல்லா உறைகளிலும் ஒன்றுதான்.

காரணம் என் கேமரா. குர்லாவில் பழைய சாமான் விற்கும் கடையில் வாங்கியது. ஃபிலிம் போட்டு எடுக்கும் சின்னக் கேமரா. பட்டனை அழுத்தும்போது படத்தின் மூலையில் அன்றைய தேதியையும் ஃபிலிமிலேயே பதித்துவிடும். அதற்காகத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அதற்குள் இருக்கும் நாள்காட்டி 2019-உடன் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் உலகம் இருக்காது என்று செய்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். தேதியே விழாமல் அணைத்து வைத்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் பின்னால் போனால் கிழமைகளும் லீப் வருடங்களும் அப்படியே பொருந்தும். 2023-க்கு 1995. அப்படியே திருப்பி வைத்தேன். கூட்டத் தெரிந்தவர்களுக்கு இதில் பொய் இல்லை என்று எண்ணினேன்.

நான் ஃபிலிமுக்குப் போனது அழகுக்காக அல்ல. செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியில் விரிசல். போனில் படம் எடுத்து, குடியிருப்பவர்கள் கூடும் சொசைட்டி கூட்டத்தில் காட்டினேன். இரண்டாம் மாடிக்காரர் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் ஏஐல என்ன வேணும்னாலும் போட்டுக்கலாமே சார்" என்றார். கூட்டமே சிரித்தது. எனக்கு அவமானத்தை விடச் சந்தேகம்தான் அதிகமாக வந்தது. அவர் சொன்னதில் தவறில்லை. அதே போன் என் முகத்தை நான் கேட்காமலே மெழுகித் தருகிறது. முகத்துக்குச் செய்வதைச் சுவருக்குச் செய்யாது என்று எப்படி நம்புவது? வெளிச்சம் பட்ட இடத்தில் ரசாயனம் கறுத்தது, அவ்வளவுதான் என்று சொல்லக்கூடிய ஒரு பொருள் என் கையில் வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் சந்தேகப்படுபவனுக்கு ஃபிலிமும் நிம்மதி தராது. ரோலைக் கடைக்காரர் கொடுக்கும்போது வெயிலில் கிடந்ததா, காலாவதியானதா என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எடுத்த படம் விழுந்ததா இல்லையா என்பது கழுவி வரும்வரை தெரியாது. நான் கொடுக்கும் மாட்டுங்கா கடை தானே கழுவுவதில்லை, வேறு எங்கோ அனுப்புகிறது. எங்கே என்று கேட்டால், "நம்ம ஆளுதான் சார்" என்பதோடு சரி. ஒரு முறை என் உறைக்குள் யாருடைய சீமந்தமோ வந்தது. என்னுடைய படங்கள் யார் வீட்டில் இருந்தன? போனில் எடுத்தால் கம்பெனிக்காரன் பார்ப்பான் என்ற பயம். ஃபிலிமில் எடுத்தால் முகம் தெரியாத 'நம்ம ஆள்' பார்ப்பார். எதை விட எது மேல் என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த மார்ச் சனிக்கிழமை தாராவியில் இன்னொரு சிக்கலும் புரிந்தது. நான் மனிதர்களை எடுப்பதில்லை. கதவுகளை, படிகளைத்தான் எடுப்பேன். ஒரு சந்தில் கேமராவைத் தூக்கியதும், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கீழே இறங்கி வந்துவிட்டார்.

"எதுக்குப் படம் புடிக்கிய? சர்வேக்கா?"

"இல்லம்மா, சும்மா."

"சும்மா எவனாச்சும் கதவப் படம் புடிப்பானா? காட்டுங்க பாப்போம்."

"காட்ட முடியாதும்மா. இது ஃபிலிம்."

"அப்போ டெலீட் பண்ணுங்க."

"பண்ண முடியாது."

"காட்டவும் மாட்டாராம், அழிக்கவும் மாட்டாராம். நல்லா இருக்குய்யா நியாயம்!"

பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, "அக்கா, நமக்குத் தெரிஞ்ச சாருதான். கிறுக்கு கொஞ்சம் உண்டு, வேற கெட்ட பழக்கம் கெடையாது" என்று என்னை மீட்டார். இவர் தோல் பை தைப்பவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் கேமராவுக்கு உறை தைத்துக் கொடுத்ததில் பழக்கம். அவரை நான் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். கீழே கடை, இரும்பு ஏணி ஏறினால் மேலே வீடு. மீட்டுவிட்டதற்கு நன்றியாக அவர் கடைக் கதவையும் ஏணியையும் ஒரு படம் எடுத்தேன்.

பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மூலையில் இருந்த '95-ஐ அவர்தான் முதலில் பார்த்தார். "என்ன சார், நான் மும்பைக்கு வந்த புதுசுல புடிச்ச மாதிரில்லா இருக்கு?" இருபத்தெட்டின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முப்பதுன்னு வச்சிருந்தா கூட்டவாவது லேசா இருந்திருக்கும்" என்றார். உண்மையான தேதியைப் பிரிண்டின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்தேன். அவர் அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். முதுகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

அதற்கு அடுத்த ஆண்டு தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. இரண்டாயிரமாம் ஆண்டுக்கு முன்பிருந்தே இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே மாற்று வீடு, பின்னால் வந்தவர்களுக்கு வெளியே எங்காவது என்று பேச்சு. சந்தில் எல்லோரும் பழைய காகிதம் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பாயிடமிருந்து போன்.

"சார், அந்தப் படத்தோட நெகட்டிவ் இருக்கா?"

"இருக்கு பாய். ஏன்?"

"பத்திரமா வைங்க. யாருக்கும் காட்டிராதிய. நேர்ல பேசணும்."

போனை வைத்த பிறகு அந்தப் படத்தை நினைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து என்று தேதி போட்ட கறுப்பு வெள்ளைப் படம். அதில் மனிதர்கள் இல்லை, வயதைச் சொல்ல ஒரு முகம்கூட இல்லை. கதவு, ஏணி, சுவர். இருபத்தெட்டைக் கூட்டத் தெரியாத ஒருவர் பார்த்தால், அந்தக் கடை தொண்ணூற்றைந்திலேயே இருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நெகட்டிவிலும் அதே '95 இருக்கிறது. பொய் ஃபிலிமிலேயே பதிந்திருக்கிறது, அதை யாராலும் அழிக்க முடியாது. இது பாய்க்குத் தெரியும். அவரிடம் இருபத்தெட்டின் கதையைச் சொன்னவனே நான்தான்.

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு காபி ஹோட்டலில் சந்தித்தோம். நெகட்டிவை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். காபி வந்தது. அவர் தொடவில்லை. நான் சுற்றி வளைக்காமல், "பாய், அந்தப் படத்த ஆபீஸ்ல குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"குடுத்தாச்சு சார்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் குடுக்கல. டோம்பிவிலில இருக்கான்லா எம் மச்சான், வீட்டுக்காரியோட தம்பி. அவன்தான் ஃபைலு கொண்டு போனான். சொவத்துல கெடந்த படத்த போன்ல புடிச்சி, செராக்ஸ் எடுத்து உள்ள சேத்துட்டான். பேப்பரு ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு சொல்லுதான்."

"உங்ககிட்ட கேக்காமலா?"

"கேட்டா நான் விட்டிருப்பனா?" அவர் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்ததும் தணிந்தது. "சார், எங்க வாப்பா பேருல ரேசன் கார்டு கெடக்கு. ரெண்டாயிரத்து அஞ்சு வெள்ளத்துல நனைஞ்சி பாதி எழுத்து போயிட்டு. ஆனா நெசமான கார்டு. பக்கத்துலயே இந்தப் பொய்ப் படத்த வச்சா அவன் என்ன நெனப்பான்? கார்டும் இவன் செஞ்சதுதான்னு நெனைக்க மாட்டானா? வீடே போயிரும் சார்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார். "நீங்க என்னக் கள்ளன்னு நெனச்சிட்டியளா?"

"யாருக்கும் காட்டாதேன்னு நீங்கதான சொன்னீங்க?"

"மச்சான் உங்களத் தேடி வருவான். நெகட்டிவ் குடுங்கன்னு கேப்பான். அதையும் கொண்டுபோய்ச் சேத்துட்டான்னா நான் எங்க போயி நிப்பேன்?"

அது சரியான பதில்தான். ஆனாலும் முழுதாக நம்பினேன் என்று எழுத முடியாது. அந்த மச்சான் என்னைத் தேடி வரவே இல்லை, இன்றுவரை ஒரு போன்கூடச் செய்யவில்லை. ஒருவேளை பாய் முதலில் சம்மதித்துவிட்டுப் பிறகு பயந்திருக்கலாம். எப்படியானாலும் இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் படம் 2023-இல் எடுத்தது என்று காட்டி, அதைக் கோப்பிலிருந்து திரும்பப் பெறுவது. ரேஷன் கார்டு தனியாக நின்றால்தான் அதற்கு மதிப்பு.

அடுத்து, எதை வைத்துக் காட்டுவது? பிரிண்டின் முதுகில் இருக்கும் பென்சில் எழுத்தை யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். என் உறைக் குறிப்பும் அப்படித்தான். எழுதியவனே சாட்சியாக வந்து நிற்பதை நானே நம்ப மாட்டேன். வீட்டுக்கு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் நெகட்டிவைத் தூக்கிப் பிடித்தேன். ஆறு படங்கள் கொண்ட துண்டு. ஓரத்தில் பதின்மூன்று முதல் பதினெட்டு வரை எண்கள். பதினான்கில் பாயின் கடை. அடுத்த இரண்டும் வேறு கதவுகள். பதினேழாவது அன்று மாலை செம்பூரில் எடுத்தது. தூண்களின் மேல் மோனோரயில் போய்க்கொண்டிருந்தது. அதன் மூலையிலும் '95 3 18.

தொண்ணூற்றைந்தில் செம்பூரில் மோனோரயில் ஏது? ஃபிலிமை நான் மெச்சும் ஒரே இடம் இதுதான். போனில் ஒரு படத்தை மட்டும் தனியாகப் பிரித்து அனுப்பிவிடலாம். ஃபிலிமில் ஒரு பொய்யை எடுத்தால் பக்கத்துப் படமும் கூடவே வரும்.

கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனோம். மேசையில் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். துண்டை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, "யே க்யா ஹை?" என்றார். நெகட்டிவ் என்றேன். வாழ்க்கையில் முதல் முறை பார்க்கிறார் என்பது அவர் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. தன் போன் திரையை வெள்ளையாக்கி, அதன் மேல் துண்டை வைத்துக் குனிந்தார். நான் இந்தியில் விளக்கினேன். அவர் மோனோரயிலைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் பழைய வீடுன்னு நிரூபிக்கத்தான் வருவாங்க" என்று இந்தியில் சொன்னார். "நீங்க புதுப் படம்னு நிரூபிக்க வந்திருக்கீங்க. இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். பாய் முந்திக்கொண்டார். "லாபம் ஒண்ணும் இல்ல சாப். அந்தப் படத்த எடுத்திருங்க, எங்க வாப்பா கார்ட மட்டும் பாருங்க."

அலுவலர் நெகட்டிவ் துண்டையும் கேட்டார். கொடுக்கவில்லை. பிரிண்ட் எத்தனை வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன், இது ஒன்றுதான் இருக்கிறது என்றேன். "அப்போ நான் எத ஃபைல்ல வைக்கிறது?" என்று அலுத்துக்கொண்டு, மோனோரயில் தெரியும்படி துண்டைத் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். பாய் இந்தியில் எழுதிக் கொண்டுவந்திருந்த மனுவை வாங்கி, நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வந்ததும் பாய் அந்த நகலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சற்று தூரம் நடந்த பிறகு, "இனிமே எங் கடைய போன்லயே புடிங்க சார்" என்றார். சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அதன் பிறகு நான் கேமராவில் தேதியை அணைத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு ரோலின் முதல் படமாக அன்றைய செய்தித்தாளின் தலைப்பை எடுக்கிறேன். பழைய செய்தித்தாளை வைத்தும் அப்படி எடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

இதை எழுதும்வரை பாயின் வீடு எந்தப் பட்டியலிலும் வரவில்லை. தகுதி உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. படத்தின் நகலைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று பாய் சொல்கிறார். அவருக்குச் சொன்னவர் மச்சான். மச்சானுக்குச் சொன்னது அலுவலகத்தில் யார் என்று கேட்டேன், பாய்க்குத் தெரியவில்லை. கோப்பை நான் கண்ணால் பார்க்கவில்லை. நகல் எடுக்கப்பட்டதா, இன்னும் ரேஷன் கார்டின் பக்கத்திலேயே இருக்கிறதா என்பது உறுதி செய்யப்படாத செய்தி.