இரண்டு நேரத்துக் குளிசை

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காலையில் ஒரு குளிசை, பகலில் ஒரு குளிசை. போன நோன்பு மாதத்தில், பகல் குளிசைக்கு வழியில்லையே என்று விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு இரண்டையும் சேர்த்தே விழுங்கினேன். இரண்டு போட்டால் இரண்டு நேரத்துக்குத் தாங்கும் என்பது என் கணக்கு. யாரிடமும் கேட்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, சவளக்கடைக் கிராமத்தில் இருக்கும் என் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனேன். வரம்பில் நடக்கும்போதே கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்ட, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வயலில் நின்ற, அதுவரை நான் கதைத்தேயிராத ஒரு தமிழ் ஆள் ஓடிவந்து, போத்தலில் இருந்த சீனித் தேத்தண்ணியை நீட்டினார். நான் போத்தலைத் தள்ளிவிட்டேன்.

"காக்கா, நோன்பு எண்டு எனக்கும் தெரியும். எங்கட அப்பாவுக்கும் இந்த வருத்தந்தான். குடிங்க. பாவம் எண்டா அது எனக்கு வரட்டும்."

குடித்தேன். கண் தெளிந்ததும் அவரே மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்.

அங்கிருந்த இளம் பெண் டொக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாப்பா, ரெண்டு நேரத் தண்ணிய ஒரேயடியாத் திறந்துவிட்டா வயலுக்கு ரெண்டு நேரத்துக்குக் காணுமா?" என்றார்.

"இல்ல மகள், வரம்ப உடைக்கும்."

"ஓம், குளிசையும் அப்பிடித்தான். கூடப் போட்டா கூட நேரம் நிக்காது, சீனியத்தான் கூட இறக்கும். வெறும் வயிறெண்டா இன்னும் இறக்கும். நோன்புக்கு முதலே வந்து கேட்டா அளவ மாத்தித் தருவமே."

பெருநாள் முடிந்து, அவர் மாற்றித் தந்த அளவோடு, விடுபட்ட அந்த நோன்பைப் பிடித்தேன். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டதும் கையேந்தினேன். பாவத்தைத் தனக்குக் கேட்ட மனிதருக்கு, நான் நன்மையைக் கேட்டேன்.