வீலைத் தட்டிப் பார்க்கிற விதம்

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். செங்கல்பட்டில் நிலை, கதவு, ஜன்னல் செய்கிற பட்டறை என்னுடையது. மோட்டாரை முதலில் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே விற்கிறவன் ஓட்டிப் பதப்படுத்தி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். கடலோரத்து மெஷின் என்றால் புதுப் பெயிண்டை நகத்தால் சுரண்டுவேன். உப்புக்காற்று அடியில் செய்த வேலை தெரிந்துவிடும்.

ஆனால் என்னைக் கூப்பிடுவது இதற்காக மட்டும் இல்லை. குறை சொல்லத்தான் கூப்பிடுவார்கள். நான் மூஞ்சியைச் சுளிக்க வேண்டும், வாங்குகிறவன் வேண்டாவெறுப்பாக நிற்க வேண்டும், விற்கிறவன் இறங்கி வர வேண்டும். எங்கள் தொழிலில் இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. விற்கிறவனும் இது தெரிந்துதான் விலையை ஏற்றிச் சொல்லுவான்.

சதுரங்கப்பட்டினத்துத் தம்பிக்கு இது தெரியாது. அவனும் அவன் அண்ணனும் மாமல்லபுரத்து ரிசார்ட்டுகளுக்குக் கட்டிலும் நாற்காலியும் செய்து கொடுத்தவர்கள். மெஷின், பேரம் எல்லாம் அண்ணன் பாடு. தம்பி பாலிஷ் போடுவதோடு சரி. அண்ணன் ஒரு கம்பெனியில் பஸ் ஓட்டப் போய்விட்டதால், இழைப்பு மெஷினை விற்றுவிட்டு பேண்ட் சாவை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி நினைத்திருந்தான். இரண்டு பெரிய வார்ப்பு வீல்களில் பட்டை ரம்பம் சுற்றுகிற மெஷின் அது. ஊரில் இருக்கிற ஆசாரிகளுக்கெல்லாம் அதில் வளைவு அறுத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம்.

இழைப்பு மெஷினை வாங்க வந்தது என் மச்சான், மனைவியின் தம்பி. திருக்கழுக்குன்றம் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பட்டறை போடக் கிளம்பியவன்.

மெஷின் அருமையான சாமான். மோட்டார் சில்லென்று இருந்தது, பேரிங் முனகக்கூட இல்லை. மரத்தை வைத்துத் தள்ளுகிற பெட் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தினால் அடியில் துளி வெளிச்சம் தெரியவில்லை. நான் என்ன செய்தேன்? ஸ்கேலின் ஒரு முனைக்கு அடியில் ஒரு சிட்டிகை மரத்தூளைத் தள்ளிவிட்டேன்.

"பாரு தம்பி, பெட்டு வளைஞ்சி கீது. வெளிச்சம் தெரிது பாரு."

சதுரங்கப்பட்டினத்துத் தம்பி குனிந்து பார்த்தான். முகம் செத்துப்போனது. கேட்ட விலையில் பாதியை அவனே குறைத்துக்கொண்டான். நான் அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். என் வாய் எங்கே சும்மா இருந்தது?

"பரவால்லண்ணா. அந்த பேண்ட் சா நல்லா கீதுல்ல? அத வச்சிதான் இனிமே எங்க பொழப்பு" என்றான். அவன் மனைவி காபி டம்ளர்களோடு வந்து, அவளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனசு விட்டுப்போனால் அதையும் வந்த விலைக்குத் தள்ளிவிடுவான், பிறகு வந்து நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஓர் எண்ணம். ரம்பத்தைக் கழற்றச் சொல்லி, மேல் வீலை ஸ்பேனரால் தட்டினேன். ணங் என்று கேட்டது, பித்தளைத் தவலையைத் தட்டின மாதிரி. துளி விரிசல் இல்லாத வீல்தான் அப்படிப் பாடும்.

"கேட்டியா? இப்டி கத்துச்சின்னா உள்ள விரிசல்னு அர்த்தம். ஓடிக்கினு இருக்கும்போதே வெடிக்கும். கை போயிடும் தம்பி" என்றேன்.

அவள் டம்ளர்களைத் தரையிலேயே வைத்துவிட்டாள்.

குட்டியானை வண்டியில் இழைப்பு மெஷினை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மச்சான் சிரித்துச் சிரித்து, "மாமா, உன் வாயி இருக்குதே வாயி!" என்றான். நானும் சிரித்தேன். செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

கொஞ்ச நாள் விட்டு, பேண்ட் சாவைக் கேட்கலாம் என்று தனியாகப் போனேன். அது இருந்த இடம் காலி.

"காயலாங்கடைல போட்டுட்டேண்ணா" என்றான்.

"அப்டியே யாருக்காச்சும் வித்திருக்கலாமே?"

"எப்டிண்ணா? வாங்குறவன் கை போயிடும்ல? அதான் சம்மட்டியால வீல ஒடைச்சிட்டு எடைக்குப் போட்டேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "அது நான் விக்கிறதுக்கே வெக்காத மெஷினு. அதப் பத்தி உண்மைய சொன்னதுல உங்களுக்கு இன்னாண்ணா லாபம்? நீங்க சொல்லலன்னா என் கை இப்போ இருக்காது."

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அவள் விடவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் மரத்தூள் சமாச்சாரமும் வெளியே வரும், மச்சான் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவன் ஒரு ரிசார்ட்டில் தினக்கூலிக்கு பாலிஷ் போடப் போனான். அவள் அங்கேயே அறை துடைத்தாள். கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்குக் கேக் வந்தது. "யாருங்க இவ்ளோ பாசமா?" என்று என் மனைவி கேட்டாள். என் பங்கை அவள் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவன் பெயர் போனில் வந்தால் கடைசி மணி வரை எடுக்க மாட்டேன்.

போன மாதம் மறுபடி கூப்பிட்டான். "அண்ணா, கடப்பாக்கத்துல ஒரு பேண்ட் சா விலைக்கு வருது. இவ மகளிர் குழுவுல லோன் சொல்லி வச்சிருக்கா. நீங்க பாக்காம நான் வாங்க மாட்டேன்."

போனேன். இந்தத் தடவையாவது நல்லபடியாக வாங்கிக் கொடுத்துப் பாவத்தைக் கழுவிவிடலாம் என்று நினைத்தேன். தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அவனும் அவன் மனைவியும் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். மெஷினுக்குப் புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. மோட்டாரைத் தொட்டேன், சூடு. நான் அடுத்ததைப் பார்ப்பதற்குள் அவன் என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி வீலைத் தட்டினான்.

டொக்.

"அண்ணா! கத்தவே இல்ல!" அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மனைவியிடம் திரும்பி, "பாத்தியா, அண்ணன் சொல்லிக் குடுத்தது. நம்மளுது மாதிரி கத்துச்சின்னாதான் விரிசல். இது நல்ல வீலு" என்றான்.

வீலின் நடுத்தண்டுக்குப் பக்கத்தில் பெயிண்டைச் சுரண்டினேன். அடியில் பூசி அடைத்த பட்டி. பட்டிக்கு அடியில், விரல் நீளத்துக்கு விரிசல்.

மோட்டார் சரியில்லை, பேரிங் போச்சு என்று ஏதாவது சொல்லி அவனை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அந்தப் பொய்யும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு நான் இல்லாத இடத்தில் இவன் இதே மாதிரி தட்டிப் பார்ப்பான். டொக்கென்கிற வீலாகத் தேடிப் பிடித்து வாங்கி, அதன் முன்னால் நின்று மரம் அறுப்பான்.

"வேணாம் தம்பி. இதான் விரிசல். விரிசல் விட்டாதான் டொக்குனு கேக்கும். நல்ல வீலு ணங்குனு கேக்கும்."

அவனுக்குப் புரியவில்லை. அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் இன்னொரு தடவை வீலைத் தட்டினான். காதைப் பக்கத்தில் வைத்து, மறுபடியும் தட்டினான்.

"அப்போ நம்மளுது நல்லா இருந்திச்சாண்ணா?"

"இருந்திச்சி."

"பொய்யா சொன்னீங்க?"

"ஆமா."

திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று நின்றேன். அவன் ஸ்பேனரைத் துடைத்து என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"அன்னிக்கு சம்மட்டியால அட்ச்சி அட்ச்சிப் பாத்தேண்ணா" என்றான். "ஒடையவே மாட்டேன்னு இருந்திச்சி."