பட்டப்பகலில் முயல் கதை

எனிஃபாவுக்கு அவள் நாக்கே வினையாக வந்தது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த நாக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்களும் நாங்கள்தான் என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

அறுவடை முடிந்து சோளம் களஞ்சியம் ஏறியதும், பொழுது சாய்ந்தால் ஊரே அவள் முற்றத்தில்தான். எத்தனை கதை தெரிந்தாலும் எல்லோரும் கேட்பது முயல் கதைதான், அதிலும் கிணற்றுக் கதை. ஆறு வற்றிப்போக, மிருகங்கள் ஒன்றுகூடிக் கிணறு தோண்டும். முயல் மட்டும், "நான் பனித்துளியை நக்கிப் பொழச்சுக்குவேன், போங்கடா" என்று காலை நீட்டிப் படுத்துவிடும். தண்ணீர் ஊறியதும் திருட வரும். காவலுக்கு நிற்கும் கழுதைப்புலியிடம் தேன் குடுவையைக் காட்டி, "கையக் கட்டிக்கிட்டு நக்கினாத்தான் இந்தத் தேன் இனிக்கும்" என்று ஏமாற்றிக் கட்டிப் போட்டுவிட்டு, வயிறு முட்டக் குடிக்கும். சிங்கத்துக்கும் அதே கதிதான். கடைசியில், ஓட்டில் பிசினைப் பூசிக்கொண்டு தண்ணீருக்குள் வாய் திறக்காமல் கிடக்கும் ஆமையிடம் மாட்டிக்கொள்ளும்.

மிருகங்களுக்குத் தலைவன் யானை. யானை பேசும்போது எனிஃபா எங்கள் தலைவர் மசாவுகோவின் குரலில் பேசுவாள். தொண்டையைச் செருமி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, "தோண்டாத வாய்க்குத் துளி கிடையாது!" என்பாள். மசாவுகோவே கண்ணில் நீர் வரச் சிரிப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் அவள் நிறுத்தி எங்கள் முகங்களைப் பார்ப்பாள். நாங்கள், "கூடவே இருக்கோம்!" என்று கத்த வேண்டும். முன்வரிசையில் உட்காரும் வைசன் பெரியவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. எங்கள் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு அவரும் கத்துவார், எப்போதும் ஒரு மூச்சு தாமதமாக. அதற்கும் ஒரு சிரிப்பு.

ஆனால் பகலில் கதை கூடாது. சொன்னவனுக்கும் கொம்பு முளைக்கும், கேட்டவனுக்கும் முளைக்கும். சிரிக்காதீர்கள். எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரே பகலில் வாய் தவறி முயல் என்றால் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகியது. ஆறு வெறும் மணலாயிற்று. மசாவுகோ ஊரைக் கூட்டி, வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு நான்கு நாள் வர வேண்டும், ஆற்று மணலில் கிணறு தோண்டலாம் என்றார். கடைசியில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, "தோண்டாத வாய்க்கு?" என்றார். "துளி கிடையாது!" என்று நாங்கள் கத்தினோம். கைதட்டல் வேறு.

அப்போது எனிஃபா ஊரில் இல்லை. ஆறு வயது மகள் மடாலோ வயிற்றுப்போக்கில் துவண்டுபோக, முதுகில் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்திருந்தாள். கணவன் கணிசானி தெற்கே சுரங்க வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இருக்கிறானா போனானா, தெரியாது. அவள் வீட்டிலிருந்து தோண்டப் போக வேறு யார் இருக்கிறார்கள்?

ஐந்து நாளில் பிள்ளை தேறியது. கட்டிலுக்குக் காத்துக்கிடந்த கூட்டத்தைக் காட்டி, நர்ஸ் அவள் கையில் நான்கு உப்பு சர்க்கரைப் பொட்டலங்களைக் கொடுத்து அனுப்பினாள். "பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணி. கொதிக்க வச்சு ஆத்திக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இரு. ஒண்ணுக்குப் போனாள்னா பொழச்சிக்கிட்டாள்னு அர்த்தம்." திரும்பும் வழியிலேயே மறுபடி ஆரம்பித்துவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது கையில் பொட்டலம் இருந்தது, பானையில் தண்ணீர் இல்லை.

நேராகத் தலைவரிடம் ஓடினாள். "ஒரு குடம் போதும் ஐயா. நாளைக்கே நான் வந்து தோண்டுறேன்."

மசாவுகோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊறுறதே ஒரு நாளைக்கு இருபது வாளி, எனிஃபா. தோண்டாத வீடு இன்னும் மூணு இருக்கு. உனக்குக் குடுத்தா அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நீ சொன்ன கதைதானே இது."

"அது கதை ஐயா! சிரிக்கிறதுக்குச் சொன்னது!"

"ஊரு அதைத்தான் சட்டமா எடுத்துக்கிச்சு."

பக்கத்து வீட்டு ஃபலேசி திருட்டுத்தனமாக ஒரு குவளை கொடுத்தாள். அது தெரிந்து அவள் கோழியைத் தண்டமாகப் பிடித்துப் போனார்கள். அதன் பிறகு ஃபலேசியும் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் மடாலோவின் கண்கள் குழிக்குள் போய்விட்டன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. அடுத்த தண்ணீர் அரை நாள் நடை தூரத்தில். போய் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எனிஃபா வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள்.

உச்சி வெயில். கிணற்றுமேட்டில் லாஸ்டனும் ஃபிளைசனும் மூங்கில் கழியோடு காவல் நின்றார்கள். இருவரும் அவள் கதை கேட்டு வளர்ந்த பயல்கள்.

"டேய், முயலக்கா வந்துட்டாங்கடா! தேன் குடுவை எங்கக்கா?"

"விளையாடாதீங்க தம்பி. பிள்ளைக்குக் கண்ணு சொருகுது. ஒரே ஒரு வாளி."

லாஸ்டனின் சிரிப்பு நின்றது. "எங்களை ஏன்க்கா மாட்டிவிடுறீங்க? தலைவரு தோலை உரிச்சிடுவாரு. போயிடுங்க."

அவள் போகவில்லை. வாளியைக் கீழே வைத்தாள். நடுவானத்தில் நின்ற சூரியனை ஒரு தரம் பார்த்தாள். அவள் உச்சந்தலை கூசியது. அவளும் இந்த ஊர்க்காரிதானே, அந்தப் பயம் அவளுக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

"அப்போ உக்காருங்கடா. கதை சொல்றேன்."

"பகல்லயா? பைத்தியம் பிடிச்சிருச்சா உங்களுக்கு?"

"ஆறு வத்தின வருஷம் அது. மிருகம் எல்லாம் கூடி நின்னுச்சு..."

"அக்கா, வேணாங்க்கா! எங்கம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை!" ஃபிளைசன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான்.

"முயல் என்ன சொல்லுச்சு தெரியுமா!" அவள் தொண்டை கிழியக் கத்தினாள். இருவரும் கழியைப் போட்டுவிட்டு, காதைப் பொத்தியபடி, மணலில் கால் இடற இடற ஓடினார்கள். அவள் கத்திக்கொண்டே குழிக்குள் இறங்கினாள். வாளி தண்ணீரைத் தொட்டது.

நிழலிலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

வைசன். வெயிலுக்கு ஒதுங்கி, குழியின் அடியில், தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார். அவரும் காவல்காரர்தான். ஓடுவதற்கு அவர் காதில் எதுவும் விழவில்லை. ஆயிரம் தடவை சொன்ன கதையில் ஆமை எங்கே கிடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? மறந்துவிட்டாள், பாவி.

"விடுங்க பெரியவரே! பிள்ளை சாகுது!" பிடி தளரவில்லை. என்ன சொல்கிறாய் என்று கேட்பதுபோல் அவர் வெறுமனே பார்த்தார். இனி என்ன தந்திரம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. அவள் ஈர மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து அழுதாள். ஓட ஆரம்பித்த நாக்கு மட்டும் நிற்கவில்லை. கதையைத் தொடர்ந்தது.

"அந்த முயலுக்கு ஒரு குட்டி இருந்துச்சு. இத்தனை வருஷம் அதை நான் சொல்லவே இல்ல. எல்லாரும் தோண்டின அன்னிக்கு அது குட்டியத் தூக்கிக்கிட்டு வைத்தியரைத் தேடிப் போயிருந்துச்சு. பனித்துளி, தேன் குடுவை எல்லாம் நான் சிரிக்க வைக்கச் சேர்த்தது. அது தன் வாய்க்குத் திருட வரல..."

மூச்சு முட்டி நிறுத்தினாள். பழக்கம், நிறுத்திய இடத்தில் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள்.

வைசன் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிறுத்தம் அவருக்குத் தெரியும். குழியின் வாய் வழியே தெரிந்த சூரியனை அண்ணாந்து பார்த்தார். பகலில் பதில் சொன்னவனுக்கும் கொம்புதான், அதுவும் அவருக்குத் தெரியும்.

"கூடவே இருக்கோம்" என்றார், அந்தக் கரகரத்த, அளவு தெரியாத குரலில்.

கையை விட்டார். வாளியைத் தானே முக்கி நிறைத்து, அவள் தலையில் தூக்கி வைத்தார்.

அன்று முழுக்க எனிஃபா கரண்டி கரண்டியாக ஊட்டினாள். மறுநாள் காலை அவள் வீட்டிலிருந்து பெரிய ஓலம் கிளம்பியது. முடிந்தது என்று நினைத்து நாங்கள் ஓடினோம். மடாலோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாய் நனைந்திருந்தது. எனிஃபா அந்த ஈரப் பாயை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு கதறிக்கொண்டிருந்தாள்.

தலைவர் விசாரணைக்கு அழைத்தபோது வைசன் மண்வெட்டியோடு எழுந்து நின்று, தன் நெஞ்சைத் தட்டி, "என் பங்கு" என்றார். தோண்டியவர் தன் தண்ணீரைக் கொடுத்தால் யார் என்ன சொல்ல முடியும்? தண்ணீர்த் திருட்டு அதோடு முடிந்தது. பகலில் கதை சொன்னது முடியவில்லை. அதற்குத் தண்டமும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. தெருவில் எனிஃபா வந்தால் தாய்மார்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். வீட்டில் தலையைக் குனிந்து மகளிடம் காட்டுவாளாம். "தடவிப் பாருடி, முளைச்சிருக்கா?" "இன்னும் இல்லம்மா."

அடுத்த வருஷம் மழை பெய்தது, சோளம் களஞ்சியம் ஏறியது. பொழுது சாய்ந்ததும் எனிஃபா முற்றத்தைப் பெருக்கித் தீ மூட்டி உட்கார்ந்தாள். யாரும் போகவில்லை. வைசன் மட்டும் போய், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அவள் முயல் கதையை ஆரம்பித்தாள், முயலின் குட்டியோடு. நாங்கள் வேலிக்கு வெளியே இருட்டில் நின்று கேட்டோம். அவள் நிறுத்தினாள். பதில் என் நுனி நாக்குவரை வந்தது, சொல்லவில்லை. பார்த்துக் கத்த எங்கள் வாய் எதுவும் பக்கத்தில் இல்லாத வைசன், அன்று தாமதிக்காமல், தனியாகவே சொன்னார்.