நாடா கட்டிய பிரீசர்

வௌவாலிலிருந்து மனிதருக்கு வரும் நோய்களைப் பல அரசாங்கத் திணைக்களங்கள் சேர்ந்து ஆராயும் ஒரு திட்டம். அதை ஒருங்கிணைக்க, ஓய்வு பெற்றுவிட்ட என்னை மறுபடி கூப்பிட்டார்கள். வௌவால்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. திணைக்களங்களைப் பற்றித் தெரியும். அதுதான் தகுதி.

கொட்டாஞ்சேனையில், ஒரு பழைய கட்டடத்தில் ஆய்வுகூடம். அங்கே புதிய பிரீசர் ஒன்று சோதனைக்காகப் போடப்பட்டு, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அமைச்சர் வந்து திறந்துவைக்கும்வரை அதற்குள் எதையும் வைக்கக் கூடாது. வெள்ளவத்தையில் கல்யாணத் தட்டு அலங்கரிக்கும் கடையில் ரோசா நிற நாடா வாங்கி, அதன் வயிற்றைச் சுற்றிப் பூ முடிச்சுப் போடுவித்தவன் நான்தான். அமைச்சரோ திகதியைத் தள்ளிக்கொண்டே போனார்.

குழுக் கூட்டம் நடந்த ஒரு பிற்பகலில், பல்கலைக்கழகத்து இளம் மிருக வைத்தியர் ஐஸ் பெட்டியும் கையுமாக வந்து நின்றார். கொலன்னாவைப் பக்கத்து மரமொன்றில் தொங்கிய வௌவால்களிடம் மாதக்கணக்காக எடுத்த ரத்தம்.

"எங்கட பிரீசர் பழுதாப் போச்சு, சேர். இந்த ஐஸ் பொழுதுபடும் வரைக்கும் தாங்காது. திரும்ப எடுக்கலாமெண்டா, ரோட்டை அகலமாக்கவெண்டு அந்த மரத்தையும் வெட்டிப்போட்டாங்கள். இது உருகினா என்ர ஆராய்ச்சி முடிஞ்சுது."

சுகாதாரத் தரப்பிலிருந்து வந்திருந்த சத்திரசிகிச்சை நிபுணர் தேநீர்க் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வௌவாலுக்குக் காய்ச்சலெண்டா எனக்கென்ன? மனிசனுக்கு வந்த பொறகு சொல்லுங்க."

வனவிலங்கு அதிகாரி சிங்களத்தில் விளக்கினார். மரத்தில் தொங்கும்வரை வௌவால் அவர்களுடையது. குழாய்க்குள் போன ரத்தம் வனவிலங்கு ஆகாது.

"அப்ப இது ஆருக்குச் சொந்தம், சேர்?"

"இப்போதைக்கு ஐஸுக்கு" என்றேன்.

மிருக வைத்தியருடைய கண் கலங்கியது. எனக்குச் சுற்றறிக்கைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. நாடாவை வெட்டினால்தான் திறப்பு விழா. அவிழ்ப்பதை எந்தச் சுற்றறிக்கையும் தடுக்கவில்லை. இதைச் சொன்னதும் அறையில் இருந்தவர்கள் முகத்தில், பொறுப்பு வேறொருவருடையது என்று உறுதியானபோது வரும் ஒரு தெளிவு வந்தது.

நான் நாடாவை அவிழ்த்தேன். அவர் குழாய்களை உள்ளே அடுக்கினார். வனவிலங்கு அதிகாரி வாசலில் காவல் நின்றார். நாடாவைத் திரும்பக் கட்டிப் பார்த்தேன், பூ முடிச்சு மறுபடி வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சத்திரசிகிச்சை நிபுணர் பொறுமையிழந்து, "தள்ளுங்க, தள்ளுங்க" என்று வந்து, குடல் தைக்கும் நேர்த்தியோடு கட்டிமுடித்தார். அந்தத் திட்டத்தில் எல்லாத் துறைகளும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.

ஒருவழியாக அமைச்சர் வந்தார். அந்த முடிச்சோடு கத்தரிக்கோல் நெடுநேரம் மல்லுக்கட்டியது. கதவு திறந்ததும் உள்ளே குழாய்கள் நிரம்பியிருப்பதைக் கண்டு மகிழ்ந்துபோனார். வேலை இவ்வளவு வேகமாக நடக்கிறதே, இது யாருடைய முயற்சி என்று கேட்டார்.

சுகாதாரம் கையைத் தூக்கியது. வனவிலங்கும் தூக்கியது. மிருக வைத்தியர் பின்வரிசையில், யாரோ கொடுத்த பூமாலைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். அவருக்குத் தூக்கக் கை இருக்கவில்லை.

உரிமை கோரியவர்கள் ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். ஒரு குழாயை வெளியே எடுப்பதென்றாலும் இரு தரப்பும் உடன்பட வேண்டும். அதற்கென ஒரு உபகுழு, ஒருங்கிணைப்பாளர் நான். இரு தரப்பும் ஒரே நாளில் இன்னும் வரவில்லை.

மாதம் தவறாமல் மிருக வைத்தியர் எனக்குப் போன் எடுத்துக் கேட்பார்.

"சேர், என்ர ரத்தம் இருக்குதா?"

"ஓம் பிள்ளை. ஒரு துளியும் உருகேல்ல."