கோயில் கம்பளத்தோடு குன்னூருக்கு

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். படிப்பு குறைந்தவன் நான். என் எழுத்தால் யாருடைய விசுவாசத்துக்காவது குறை வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது.

கட்டபெட்டில் எங்கள் கோயிலின் நடுவழியில், எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போன சிவப்புக் கம்பளம் கிடக்கும். நற்கருணை வாங்க நடுவழியாகப் போய், ஓரமாகத் திரும்புவது வழக்கம். எங்கள் நாலு வயது மகள் காய்ச்சலில் போனபின் என் மனைவி மரியா ஒரு வருடம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. மிதித்த அன்று, நற்கருணை வாங்கிவிட்டு, அழுத கண்ணோடு நடுவழியாகவே திரும்பி வந்தாள். போகும்போது கருஞ்சிவப்பாக இருந்த கம்பளம் வரும்போது ரோஜா நிறத்தில் ஒளிர்ந்ததாம். பிள்ளை ஆண்டவரிடம் சேர்ந்துவிட்டாள் என்று நம்பி, மரியா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். ஊரும் அதை அற்புதம் என்றது.

பிறகு வந்த பங்குத்தந்தை, கோயிலின் பழைய பொருள்களுக்கெல்லாம் மதிப்புச் சீட்டு கேட்டார். கம்பளத்தைக் குன்னூருக்குக் கொண்டுபோய் மதிப்பு எழுதி வாங்கும் வேலை எங்கள் பொறுப்பில் வந்தது.

காலை ஏழரைக்குப் பஸ். சுருட்டிய கம்பளத்தை இருவர் மடியிலும் கிடத்திக்கொண்டோம்.

"ஏனுங்க, உள்ள ஆளு கீளு படுத்திருந்தா அதுக்கும் டிக்கெட் போடோணுமுங்க" என்றார் கண்டக்டர்.

எனக்குச் சுருக்கென்றது. மரியா சிரித்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் வாங்கினாள். வெளியே மூடுபனி. தேயிலைச் சரிவுகள் தூக்கத்தில் கண்ட ஊர்போல வந்து வந்து மறைந்தன. கம்பளத்தின் கதகதப்பில் அவள் கண்ணயர்ந்தாள்.

ஒன்பது மணிக்குக் குன்னூர். கம்பளங்களை மதிப்பிட்டு எழுதித் தருகிறவரை அங்கே எல்லோரும் பாய் என்பார்கள். அவர் முதலில் அதைக் கவிழ்த்துப் போட்டு, லென்ஸ் வைத்து முடிச்சுகளை எண்ணினார். ஈரக் கைக்குட்டையால் தேய்த்து, சாயம் போகிறதா என்று பார்த்தார்.

"பாரசீகத்துக் கைவேலைங்க. நல்ல உருப்படி."

பிறகு நிமிர்த்தி விரித்து, இந்த முனையில் நின்றும் அந்த முனையில் நின்றும் பார்த்தார். "அங்கிருந்து கறுப்பு, இங்கிருந்து வெளுப்பு, பார்த்தீங்களாம்மா? இதோட ரோமம் ஒரே பக்கமாப் படுத்திருக்கும். அதான் பாக்குற பக்கத்துக்கு ஏத்தாப்ல நெறம் மாறுது."

போதும் என்று கண்ஜாடை காட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

"எல்லாக் கம்பளமும் இப்பிடித்தானுங்களா?" என்றாள் மரியா.

"கையால முடிச்சுப் போட்டது பூராவும் இப்பிடித்தாம்மா."

பதினொன்றரைக்குத் திரும்பும் பஸ். வழியில் எடப்பள்ளி வரைக்கும் அவள் மடியில் கிடந்த கம்பளத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். மறுபடி சோற்றை ஒதுக்கிவிடுவாளோ என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, பாய் சொன்னது நெசந்தான். கம்பளம் என்னைக்கும் அப்பிடித்தான் கெடந்திருக்குது. அன்னைக்கு அழுது கண்ணு தெரியாம இருந்த என்னைய நடுவழியாத் திரும்பி வர வெச்சது யாருங்க?"

நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, பூசைக்கு முன்பே கோயில் வாசலில் நின்று, பாய் சொன்னதைப் பெண்களிடமெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு நற்கருணை வாங்கி, எல்லோரும் பார்க்க, கம்பளத்தைக் குனிந்து பார்த்தபடி நடுவழியாகவே திரும்பி வந்தாள்.

வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பாய் சொன்னதைக் குறைக்கவும் வேண்டாம், மரியா கேட்ட கேள்வியோடு எதையும் கூட்டவும் வேண்டாம்.