வேனில் மிஞ்சிய கடைசிச் சத்தம்

என் அக்கா வீட்டுக்காரர் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். தெருவுக்கே அவர் பஞ்சு மாமா. எனக்கும் மாமாதான். கடையில் அவர் முன்னால் உட்கார்ந்து பஞ்சு திணிப்பார், நான் பின்னால் தையல் மெஷினில் உறை தைப்பேன். ஒரு ஆளை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவருக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். முன்னால் உட்கார்ந்தால் பேச வேண்டி வந்துவிடும்.

உலகத்தில் எந்தத் தொல்லைக்கும் மாமாவிடம் ஒரே மருந்துதான்: திணிப்பது. மேஜை ஆடினால் காலுக்கடியில் பஞ்சு. ஜன்னல் படபடத்தால் இடுக்கில் பஞ்சு. எதிர் வீட்டு நாய் குரைத்தால் தன் காதில் பஞ்சு. அக்கா திட்டும்போதும் அதே பஞ்சுதான், ஆனால் அது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பஸ் டிரைவர் ஆக வேண்டுமென்று ஆசை. சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துத் திருப்பாமல் ஒரு வாய் இறங்காதாம். அவருடைய அப்பா தட்டைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சு மூட்டை மேல் உட்கார வைத்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு யாருக்கும் சொல்லாமல் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். முதல் தேர்விலேயே அதிகாரி பாதி வழியில் நிறுத்தச் சொல்லி, "வண்டில ஏதோ கோளாறு இருக்கு, பாத்துட்டு அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். பள்ளிக்காரர் வண்டியைக் கழற்றிப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லைசென்ஸ் வந்ததும் மாமா ஒரு பழைய ரொட்டிக் கம்பெனி வேனை வாங்கினார். உள்ளே படுக்கை போட்டார், சின்ன அடுப்பு வைத்தார், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் பொருத்தினார். ஓடுகிற வீடு. கதவைத் திறந்தால் இன்னமும் ரஸ்க் வாசனை அடிக்கும். மாமா அதன் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, சட்டையைச் சரிசெய்துகொள்வார். இந்தப் பிறவியில் அவருக்குக் கிடைத்த பஸ் அது ஒன்றுதான்.

முதல் பயணத்தில் அக்கா முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால் படுக்கையில். நெடுஞ்சாலையில் ஏறியதும் தகரக் கொட்டகைக்குள் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. கீழே சக்கரம் உறும, மேலே காற்று ஊளையிட, நடுவில் கரண்டிகள் கும்மியடித்தன. தண்ணீர் பாட்டில் எங்கே என்று அக்கா அங்கிருந்தே கத்தத் தொடங்கினாள். போய்ச் சேர்ந்த பிறகுதான் மாமா, "ஏதாவது கேட்டியா?" என்றார்.

அக்காவுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிற வேலை. எந்த பஸ் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று மைக்கில் சொல்ல வேண்டும். அந்தப் பயணம் முடிந்த மறுநாள் அவள் குரல் தேய்ந்து கரகரத்து வந்ததைக் கேட்டு, யாரோ பெரிய மனிதர் போய்விட்டார் என்று பயணிகள் எழுந்து நின்றார்களாம்.

அன்று வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இங்க பாருங்க. நாள் பூரா கத்துறதுக்கு எனக்கு சம்பளம் தர்றாங்க. லீவு நாள்ல ஓசில கத்த மாட்டேன். நாம ஊர் சுத்தப் போற விடுமுறைக்குள்ள இந்த வண்டில நான் சாதாரணமா பேசினா உங்க காதுல விழணும். விழலன்னா லாண்டரிக்காரருக்குக் குடுத்துடுங்க. அவர் ரெண்டு தடவ கேட்டுட்டாரு."

"அவன் எதுக்குக் கேக்கறான்?"

"துணி எடுத்துட்டுப் போக. துணி பேசாது, அதனால அவருக்குப் பரவாயில்ல."

லாண்டரிக்காரர் கடை எங்கள் கடைக்கு எதிரில். அன்று முதல் அவர் அடிக்கடி வந்து வேனுக்குள் எட்டிப் பார்ப்பார். "இந்தப் பக்கம் சட்டை, அந்தப் பக்கம் பேன்ட்டு" என்று முணுமுணுப்பார். மாமா படுக்கை போட்ட இடத்தில் அவர் மனதுக்குள் ஹேங்கர் மாட்டிக்கொண்டிருந்தார்.

மாமா அன்றே வேலையைத் தொடங்கினார். என்ன செய்திருப்பார்? திணித்தார். சுவர், கதவு, கூரை, ஓட்டை, உடைசல் எல்லாவற்றிலும் திணித்தார். வேன் உள்பக்கம் திருப்பிய மெத்தை போலாகிவிட்டது. அக்காவால் ஒரு பக்கமாகத் திரும்பித்தான் நுழைய முடிந்தது. ஓட்டிப் பார்த்தால் உறுமல் அப்படியே இருந்தது.

மெக்கானிக் வந்து தகரத்தில் விரல் முட்டியால் தட்டினார். டங் என்றது.

"அண்ணே, சத்தம் வெளியிலேருந்து வரல. இந்தத் தகரமே நடுங்குது. பயந்து நடுங்குறவனுக்குப் போர்வை போத்தினா நடுக்கம் நிக்குமா? தோள்ல கையை வைக்கணும்."

திணித்த பஞ்சையெல்லாம் நானும் மாமாவும் பிடுங்கினோம். ஒவ்வொரு தகரத்தின் நடுவிலும் கனமான தார் ஷீட்டை ஒட்டி, ரோலர் வைத்து அழுத்தினோம். இப்போது தட்டினால் டொப் என்றது. அதன் மேல் பஞ்சைத் திரும்ப வைத்தோம், இந்தத் தடவை அளவாக. தரையில் தடித்த கம்பளியும் ரப்பர் விரிப்பும் போட்டதும் சக்கரத்தின் உறுமல் அடங்கியது.

ஒரு சத்தம் போனதும் அதுவரை அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அடுத்த சத்தம் எட்டிப் பார்த்தது. எனக்கு அந்த வீட்டில் 'காது' என்று பெயர் வந்தது அப்போதுதான். மாமா ஓட்டுவார். நான் பின்னால் மண்டியிட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு, சத்தம் வருகிற இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைப்பேன். பேச வேண்டியதில்லை. எனக்குப் பிடித்த வேலை.

கதவு ரப்பர் காய்ந்து போயிருந்தது. இடுக்கில் காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இழுத்தால், காகிதம் சுலபமாக வந்தது. காற்றும் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. ரப்பரை மாற்றினோம். கூரை மேல் சாமான் கட்டுகிற கம்பி, வேகம் ஏறினால் விசில் அடித்தது. அதில் கயிற்றைப் பாம்பு போலச் சுற்றிவிடச் சொன்னார் மெக்கானிக். விசில் நின்றது. கரண்டிகளுக்கு மாமா சாக்ஸ் போட்டார். பிறகு டம்ளர்களுக்கு. பிறகு திரைச்சீலை வளையங்களுக்கு. ஒரு வாரம் நாங்கள் மூன்று பேரும் ஜோடி சேராத சாக்ஸில் வேலைக்குப் போனோம்.

வேன் அப்படியே அடங்கிவிட்டது. அப்போதுதான் அந்தக் கடைசிச் சத்தம் கேட்டது.

கியர் மாற்றும்போது "ர்ரும்ம்". மேடு ஏறும்போது "ங்ஙீஈஈம்". எங்கோ டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து வந்தது. இதற்கெல்லாம் மேலாக, வண்டி நிற்கும்போது ஒரு "ப்ஷ்ஷ்".

"ஏங்க, இது பஸ்ஸோட காத்து பிரேக் சத்தம். நான் தெனமும் கேக்கறேன். நம்ம வண்டிக்கு ஏது காத்து பிரேக்?" என்றாள் அக்கா.

"எங்கயோ லீக் ஆகுது," என்றார் மாமா, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. மாமா ஓட்டினார், வந்தது. மெக்கானிக் டார்ச்சோடு மாமாவின் காலடியில் தலையை விட்டுத் தேடிவிட்டு, தலை கலைந்து வெளியே வந்தார்.

"நான் ஓட்டினா வரல, நீங்க ஓட்டினா வருது. உங்க கனத்துக்கு சீட்டு கத்துதுண்ணே."

"நான் செஞ்ச சீட்டு கத்துமாடா? என்னைப் பாத்து என்ன பேச்சு பேசற!"

சொன்னாரே தவிர, சீட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார். சத்தம் போகவில்லை. இரவுச் சாப்பாட்டைக் குறைத்தார். சத்தமும் போகவில்லை, எடையும் போகவில்லை. விடுமுறை நெருங்கியது. வருகிற ஞாயிறு ஏரி வரைக்கும் கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது, அந்தச் சத்தம் கேட்டால் அங்கேயே சாவியை லாண்டரிக்காரரிடம் கொடுத்துவிடுவது என்று அக்கா முடிவாகச் சொல்லிவிட்டாள். மாமா கடையில் ஒரே தலையணையை இரண்டு தடவை திணித்துவிட்டு, வெளியே வேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை நானும் மாமாவும் மட்டும் வேனில் துணி வாங்கப் போனோம். நான் சுவரிலிருந்து காதை எடுத்துவிட்டுத் தற்செயலாக டிரைவர் பின்னால் பார்க்கிற கண்ணாடியைப் பார்த்தேன். அதில் மாமாவின் முகம் தெரிந்தது. கியரை மாற்றினார். உதடு மூடியே இருந்தது. கன்னம் மட்டும் தவளைத் தொண்டை போலத் துடித்தது.

ர்ரும்ம்.

மேடு வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ங்ஙீஈஈம். சிக்னலில் நின்றார். பல்லிடுக்கில் ப்ஷ்ஷ். நின்ற கையோடு, "கேட்டியா காது? இப்பவும் வருது பாரு!" என்று என்னிடமே புலம்பினார்.

அவருக்கே தெரியாது. அதுதான் என்னைக் கட்டிப் போட்டது. நரைத்த தலை, கடைக்கு முதலாளி, அக்கா புருஷன். அவரிடம் போய், 'மாமா, நீங்க வாயால வண்டி ஓட்டறீங்க' என்று எப்படிச் சொல்வது? அக்காவிடம் சொன்னால் பேருந்து நிலையம் முழுவதும் சொன்ன மாதிரி. நான் யோசித்து, பல்லில் ஒட்டுகிற மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கினேன்.

ஞாயிறு காலை நான்கு பேர் கிளம்பினோம். அக்கா முன்னால். லாண்டரிக்காரர் என் பக்கத்தில், கையில் அளவு டேப்போடு. கிளம்பும் முன்பே மாமா வாயில் ஒரு மிட்டாயைப் போட்டேன். தாடை ஒட்டிக்கொண்டது. முதல் கியர், இரண்டாவது கியர், மூன்றாவது கியர். வேன் பூனை மாதிரி போயிற்று.

அக்கா மெதுவாக, மிக மெதுவாக, "தண்ணி பாட்டில் எங்க?" என்றாள்.

"உன் காலுக்குப் பக்கத்துலதான்," என்றார் மாமா, மிட்டாயோடு போராடிக்கொண்டு.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். எடுத்துக் குடித்தாள். லாண்டரிக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

மாமா மென்று முடிக்கும்போதெல்லாம் நான் இன்னொன்றை நீட்டினேன். ஏரி மேட்டுக்குக் கீழே வரும்போது பொட்டலத்தில் கையை விட்டால் வெறும் காகிதம். பக்கத்தில் லாண்டரிக்காரர் கன்னம் உப்பிப் போய் மென்றுகொண்டிருந்தார்.

"நல்லா இருக்கும்மா, எந்தக் கடை?" என்றார்.

ர்ரும்ம். ங்ஙீஈஈஈம்.

"நிறுத்துங்க," என்றாள் அக்கா.

ப்ஷ்ஷ்.

மேட்டின் நடுவில் வேன் நின்றது. மாமா வண்டியை அணைத்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு சாவியை உருவிப் பின்பக்கம் நீட்டினார். லாண்டரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கப் போனார்.

"அது வண்டி இல்ல. மாமாதான்," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வேன் அவ்வளவு அமைதி.

"என்னடி?"

"சத்தம் மாமா வாயிலேருந்து வருது."

மாமா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டார்.

"நானா?" என்றார். "நானா?"

அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். "வாயை மூடிட்டு ஓட்டுங்க, பாப்போம்."

சாவியைப் போட்டு, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு ஓட்டினார். வேன் ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடியும் குதித்தது, அணைந்தது. லாண்டரிக்காரர் தலை சுவரில் மோதியது. எங்கள் பஞ்சு நல்ல பஞ்சு, அடி படவில்லை. சத்தம் போடாவிட்டால் கியரை எப்போது மாற்றுவது என்று மாமாவுக்குத் தெரியவில்லை.

"சரி, போட்டுத் தொலைங்க," என்றாள் அக்கா.

மாமா முயன்றார். வெறும் காற்றுதான் வந்தது. "எல்லாரும் பாத்துட்டு இருந்தா எப்படி வரும்?" என்றார் பரிதாபமாக.

சத்தம் இல்லாமல் ஓட்ட முடியவில்லை, பார்த்தால் சத்தம் வரவில்லை. நடு மேட்டில், பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடிக்க, அக்காதான் வழி சொன்னாள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

நான் திரும்பினேன். லாண்டரிக்காரரும் திரும்பிச் சுவரைப் பார்த்தபடி, "அப்ப வண்டி யாருக்கு?" என்றார்.

"பேசாதீங்க, அவருக்குக் கூச்சமா இருக்கும்," என்றாள் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடி.

கொஞ்ச நேரம் கழித்து, மிகச் சின்னதாக, ர்ரும்ம். வேன் நகர்ந்தது. ங்ஙீஈஈம். ஏறியது.

ஏரிக்கரையில் மரத்தடி பார்த்து மாமா நிறுத்தினார். வண்டி நின்றது. வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தக் கடைசி ஒன்றை அவர் விழுங்கிவிட்டார் என்பது பின்னால் இருந்த எனக்கு அவர் தோளிலேயே தெரிந்தது.

லாண்டரிக்காரர் கதவுப் பக்கம் கையைக் கொண்டு போனார்.

"உக்காருங்க. வண்டி இன்னும் நிக்கல," என்றாள் அக்கா.

"நின்னுடுச்சேம்மா. மரம் நிக்குது, நாமளும் நிக்கறோம்."

"நான் பஸ் ஸ்டாண்டுல வேலை பாக்கறவ. எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி காத்திருந்தாள். மாமா அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு வயிற்றை உள்ளிழுத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

ப்ஷ்ஷ்ஷ்.

அக்கா கதவைத் திறந்தாள். கீழே இறங்கியதும் திரும்பி, மைக்கில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: "பயணிகள் கவனத்திற்கு. இந்த வண்டி விற்பனைக்கு இல்லை. லாண்டரி வரை செல்லும் பயணி, மாலையில் இதே வண்டியில் திரும்பலாம். வரும்போது மிட்டாய் வாங்கி வரவும்."