அம்மாவின் மெஷின் நின்றுபோன ஏழு வருடம்

அம்மா எங்களை விட்டு ஆண்டவரிடம் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் முடிகிறது. ஆண்டுத் திருப்பலிக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, இந்த நினைவு மலரை வாங்கி மடியில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். நடுத் தங்கை அம்மாவின் சமையலைப் பற்றி எழுதியிருக்கிறாள். சின்னவள் அம்மாவின் ஜெபமாலையைப் பற்றி எழுதியிருக்கிறாள். எனக்கு மிச்சம் வந்தது தையல். தையலைப் பற்றி எழுதினால், அம்மாவின் மெஷின் ஏழு வருடம் ஓடாமல் நின்றதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அது ஏன் நின்றது என்று நம் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. திருவொற்றியூர் அத்தை அப்பாவிடம் வத்தி வைத்துவிட்டார் என்பார்கள். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்லிச் சொல்லி அத்தைக்கு அதுவே பேராகிவிட்டது. அந்தக் கதை பொய். அதைத் திருத்தாமல் அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதவும் எனக்கு யோக்கியதை கிடையாது.

அம்மா பிறந்தது தண்டையார்பேட்டையில். தாத்தாவுக்கு லேத்துப் பட்டறையில் வேலை. ஐந்து பிள்ளைகளில் அம்மா மூன்றாவது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் வகுப்புக்குப் போனார். அங்கே இருந்த ஒரு சிஸ்டர், வெட்டி மிஞ்சிய துணியைக் குப்பையில் போட விடமாட்டாராம். அந்த பிட்டுத் துணிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, உள்ளே பழைய காட்டன் புடவையை மடித்து வைத்து, மேலிருந்து கீழ்வரை ஓட்டுத்தையல் போட்டால் ஒட்டுப் போர்வை. அம்மாவுக்கு அதுதான் பைத்தியம். இருபது வயதில் ராயபுரத்துக்கு வாழ வந்தபோது சீரோடு ஒரு தையல் மெஷினும் வந்தது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்கள் வீடு மாடியில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. கீழே வலையும் கயிறும் அடுக்கிய குடோன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கடல் ஐந்து நிமிட நடைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது பார்த்தால்தான் உண்டு. அந்த ஓர் அறையில் நாங்கள் மூன்று பெண்கள் அடுத்தடுத்துப் பிறந்தோம். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அம்மாவின் மெஷின். அதைச் சுற்றிக்கொண்டுதான் யாரும் சமையல்கட்டுக்குப் போக முடியும்.

"வேகுற ஊர்ல எவளாவது போர்வை தைப்பாளா?" என்று தெருவில் எல்லோரும் அம்மாவைக் கிண்டல் செய்வார்கள். அம்மா அசரமாட்டார். "போத்திக்கவா தைக்கிறேன்? தைக்கணும்னு தைக்கிறேன்" என்பார். பக்கத்து வீட்டு அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை செய்தார். அவர் ஒரு பையில் பிட்டுத் துணி கொண்டுவந்து கொடுத்தால் அன்றைக்கு அம்மா முகமே வேறு. தரையில் கொட்டி, சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டே இருப்பார். அடுப்பில் சோறு பொங்கி வழியும். இதுவும் உண்மை, எழுதாமல் எப்படி.

நேரம்தான் கிடைக்காது. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகல் முழுக்கத் தூங்குவார். மெஷின் சத்தம் கேட்கக் கூடாது. நாங்களே அந்த வாரமெல்லாம் குசுகுசுவென்றுதான் பேசுவோம். மற்ற வாரங்களில் தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, துவைப்பது, இடுப்பில் கைக்குழந்தை. மிஞ்சியது சாயங்காலம் நாலு முதல் ஆறு. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கீழே வைப்பதற்குள் பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு அம்மா மெஷினில் உட்கார்ந்துவிடுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நடுத் தங்கைக்கு ஐந்து. பாப்பா, அதாவது இன்றைக்கு இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான எங்கள் சின்னவள், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்துக்கு அம்மா வேறொரு வழி கண்டுபிடித்தார். எங்கள் தெருவில் பலரும் செய்ததுதான். பழைய புடவைத் துணியை நீளமாகக் கிழித்து, ஒரு முனையைக் குழந்தையின் இடுப்பிலும் மறுமுனையைக் கட்டில் காலிலும் கட்டிவிடுவது. மற்றவர்கள் சும்மா முடிச்சுப் போடுவார்கள். அம்மா டேப் வைத்து அளந்தார். பாப்பா ஜன்னல்வரை போகலாம், விளையாட்டுச் சாமான்வரை போகலாம், மெஷின் பெடலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட வேண்டும். இடுப்பில் உறுத்தாமல் இருக்க, பிட்டுத் துணியில் பஞ்சு வைத்து ஒரு பட்டை தைத்தார். மஞ்சளும் நீலமுமாக அவ்வளவு அழகாக இருக்கும். பாப்பா அதைக் கட்டிக்கொண்டு தன்பாட்டுக்குத் தட்டைத் தட்டி விளையாடுவாள்.

அந்த வருடம் பங்குத் திருவிழாவில் பெண்களின் கைவேலைகளைக் கோயில் மண்டபத்தில் வைப்பதாகச் சொன்னார்கள். அம்மா ஒரு பெரிய போர்வை ஆரம்பித்தார். அம்மா கையால் செய்த ஒன்று வீட்டு வாசலைத் தாண்டி நாலு பேர் கண்ணில் படப்போவது அதுதான் முதல்முறை. மூன்று மாதம் தினமும் நாலு முதல் ஆறு பாப்பா என் இடுப்பில். கீழே தெருவில் என் கூட்டாளிகள் நொண்டி ஆடுவார்கள். மாடிப்படியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். "வாடி" என்று கூப்பிடுவார்கள். நான் எங்கே போவது? அந்தப் போர்வையை நான் வெறுத்தேன். பெற்ற தாயைப் பற்றி இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள், அம்மாவையும் வெறுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வேலைக்குப் போயிருந்தார், நான் கடைக்குப் போய்த் திரும்பும்போது திருவொற்றியூர் அத்தையும் கூடவே மாடியேறி வந்தார். அத்தை அப்பாவுக்கு அக்கா. பாப்பா கட்டப்பட்டிருந்ததைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று அம்மா பயந்துவிட்டார். அத்தை குனிந்து அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா ஷோக்கா தச்சிகீற. எம் புள்ளைங்கள நான் சணல் கயித்துல கட்டிப்போட்டுட்டுதாம்மா மீன் அறுப்பேன். இடுப்பெல்லாம் செவந்து பூடும். உன்னை மாதிரி ஒருத்தி அப்போ எனக்கு இல்லியே" என்றார். போர்வையையும் விரித்துப் பார்த்துவிட்டு, "கோயில்ல வெக்கசொல்ல எனக்குச் சொல்லி அனுப்பு, நான் வரேன்" என்றார். அம்மாவைப் பார்த்து இந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. அன்று முழுக்க அம்மா பாடிக்கொண்டே வேலை செய்தார்.

அடுத்த சனிக்கிழமை மதியம் அம்மா கீழே தண்ணீர் அடிக்கப் போயிருந்தார். அப்பா ஷிப்டுக்குக் கிளம்புமுன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, அம்மா பாப்பாவ கட்டிப் போட்டுட்டுத் தைக்கிறாங்க. பாப்பா அழுதாகூட எழுந்து வர்றதில்ல."

முதல் வரி உண்மை. இரண்டாவது வரி நான் கட்டியது. பாப்பா சிணுங்கினாலே அம்மா பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார்.

"அழுதாகூடவா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாப்பா."

அப்பா கத்தவில்லை. கை கழுவினார். மெஷினுக்குக் கீழே இருக்கும் பெரிய சக்கரத்தையும் மேலே ஊசி பக்கத்துச் சக்கரத்தையும் இணைத்து ஒரு தோல் பெல்ட் ஓடுமே, அதைக் கழற்றினார். சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பெல்ட் இல்லாவிட்டால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் ஊசி அசையாது. தண்ணீர்க் குடத்தோடு மேலே வந்த அம்மா மெஷினைப் பார்த்தார். குடத்தை இறக்கி வைக்கவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் பூசை முடிந்து அத்தை வஞ்சிரம் மீன் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா வாசலிலேயே மறித்தார். "அண்ணி, புள்ளைய கட்டிப் போட்டுட்டுத் தைக்கிறேன்னு நீங்கதான் அவருகிட்ட சொன்னீங்களா?"

"இன்னாம்மா சொல்ற, நான் எங்க..." என்று ஆரம்பித்த அத்தை, கதவுக்குப் பின்னால் பாப்பாவை வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அத்தை அப்படியே நிறுத்திவிட்டார். பிறகு, "ஆமா, நான்தான் சொன்னேன். பச்சப் புள்ளைய கட்டிப் போடலாமா?" என்றார்.

"மூஞ்சிக்கு நேரா ஷோக்கா கீதுன்னு சொல்லிட்டு, பின்னாடி போயி இந்த வேலையா?"

அத்தை மீன் பையை வாசப்படியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அப்பாவுக்கு உண்மை தெரியும். அக்கா ஏற்றுக்கொண்டது, பிரச்சினை முடிந்தது என்று அவரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா அன்றிலிருந்து அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. எங்கள் கல்யாணங்களில்கூட "வாங்க" என்ற ஒரு வார்த்தைதான்.

ஒரு பெல்ட் தானே, கடையில் வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். பக்கத்து வீட்டு அக்காவும் கேட்டார். "அவரு கழட்டினாரு, அவரே மாட்டட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மாவுக்கு எவ்வளவு பொறுமையோ அவ்வளவு பிடிவாதம். அப்பா பிடிவாதத்தில் அம்மாவுக்கு அண்ணன். இரண்டு பேருக்கும் நடுவில் மெஷின் ஏழு வருடம் நின்றது. அதன்மேல் எங்கள் பாடப்புத்தகங்களை அடுக்கினோம்.

திருவிழாவுக்கு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மண்டபத்தில் மற்றவர்கள் வைத்திருந்த கைவேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதையும் தொடவில்லை. பாதி தைத்த அந்தப் போர்வையைப் பரணில் போட்டிருந்தார். பின்னால் அது துண்டு துண்டாகக் கரித்துணியாகி அடுப்படிக்குப் போயிற்று. எனக்கோ நொண்டி ஆட நேரம் கிடைத்தது. பத்து நாள் ஆடினேன். அதற்குப் பிறகு ஆடப் பிடிக்கவில்லை. மேலே ஜன்னலோரம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி அம்மா உட்கார்ந்திருப்பார். எங்களைத் திட்டுவதைக்கூட விட்டுவிட்டார். நாலு அடி கொடுத்திருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

சின்னவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வந்த வருடம் அப்பா துறைமுகத்திலிருந்து அந்த பெல்ட்டைக் கொண்டுவந்தார். தரையில் உட்கார்ந்து அவரே மாட்டினார். தோல் காய்ந்துபோய் அறுந்துவிட்டது. மறுநாள் புதிது வாங்கி வந்து மாட்டினார். அம்மா சின்னவளுக்கு வெள்ளைக் கவுன் தைத்தார். அதற்குப் பிறகு எங்களுக்கு யூனிபாரம், ஜாக்கெட், தெருவில் ஏழைப் பெண்களுக்குக் கல்யாணப் புடவைக்கு ஓரம் அடிப்பது என்று எத்தனையோ தைத்தார். ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை. ஒட்டுப் போர்வையை மட்டும் தொடவேயில்லை. எங்கள் மூவரையும் கட்டிக்கொடுத்த பிறகு ஒருமுறை கேட்டேன். "இப்போதான் நேரம் கெடக்கே, தைக்கலாமேம்மா?" அம்மா சிரித்தார். "நேரம் கீதுடி. அந்த மனசு அப்பவே பூட்ச்சி."

அப்பா இறந்து ஆறு வருடம் கழித்து அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. நாலு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். ஒருநாள் காலையில் நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அம்மாவே பேச்சை எடுத்தார்.

"உங்க அத்தைக்கு இப்போ சொல்லி அனுப்பாத. நான் போன பிறகு வரட்டும், அது போதும்."

கையில் ஸ்பூன். வாய்வரை வந்துவிட்டது. அது அத்தை இல்லை என்று மூன்றே வார்த்தை. சொன்னால் இந்த நிலையில் என்னையும் வெறுத்துவிடுவாரோ என்று பயந்தேன். "சரிம்மா" என்றேன். எட்டாவது நாள் அம்மா போய்விட்டார். அத்தை வந்தார், தெருமுனைப் பந்தலில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கல்லறையில் எல்லோரும் மண் போட்ட பிறகு வந்து ஒரு பிடி போட்டார்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் திருவொற்றியூருக்குப் போய் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. கேட்டுவிட்டு, "இதெல்லாம் எதுக்கு எழுதற, கிழிச்சிப் போடு" என்றார்.

"ஏன் அத்தை அன்னிக்கு ஒத்துக்கினீங்க?"

"உங்கம்மா எங்கூட பேசலன்னா எனக்கு இன்னா? எனக்கு வூடு கீது, புள்ளைங்க கீறாங்க. உங்கூட பேசாம பூட்டிருந்தா நீ எங்கடி போயிருப்ப? அந்த ஒரு ரூம்லதான கெடக்கணும்."

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஆட்டோ ஓட்டுநர் அண்ணனுக்கும், நாலு மாதமும் முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்ணுக்கும், சவப்பெட்டியைச் சுமந்த தெருப் பையன்களுக்கும், பங்குத்தந்தைக்கும், வருடக்கணக்கில் பிட்டுத் துணி சுமந்துவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் மூவரின் நன்றி. அத்தைக்கு நன்றி என்று எழுதினால் போதாது. அவர் கொடுத்த இடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் அம்மாவின் செல்ல மகளாக நான் இருந்துவிட்டேன். அந்த முப்பது வருடமும் அம்மாவுக்குத் தன்னைப் பாராட்டிய ஒரே மனுஷி இல்லாமல் போனார். இனி நம் குடும்பத்தில் யாரும் அந்தக் கதையைச் சொல்ல வேண்டாம்.

அம்மா, உங்கள் அண்ணி சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். பாப்பா அழவும் இல்லை.